பஸ் திரும்புறதுக்கு ஒரு எடம்

எங்க மேக்கணக்குக்கு ரோடு வரப்போகுதுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். எலக்சனுக்கு எலக்சன் எங்களுக்கு ஒரு ரோடு வரும், ஓட்டுப் போட்ட மறுநாள் பனி மூட்டத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிரும். அதனால, மஞ்சக் கலர்ல ஒரு பெக்கோ மிஷின் மூச்சு வாங்கிக்கிட்டு எங்க மலையில ஏறி வந்து, அதோட பெரிய கையத் தூக்கி மண்ணுல ஒரே போடா போட்டப்ப, வாயில ஈ போறது தெரியாம நின்னுட்டேன்.

மேக்கணக்குன்னா எங்க தோட்டத்தோட உச்சிப் பிரிவு. பொகவந்தலாவைக்கு மேல, இதுக்கு மேல மனுசனே இல்லங்கிற எடம். வரிசை வீடுங்களா கொஞ்சம் லயம், ஒரு மாரியம்மன் கோயில், மத்ததெல்லாம் தேயிலை. நான் ஹட்டன்ல ஒரு துணிக்கடையில வேல பாக்குறேன். காலையில செருப்பக் கையில தூக்கிக்கிட்டு, தேயிலைக்கு நடுவுல குறுக்குப் பாதையில எறங்கி, காலுல ஏறுன அட்டைய உருவிப் போட்டுட்டு, கீழ மெயின் ரோட்டுல பஸ்ஸப் புடிக்கணும். அந்தக் குறுக்குப் பாதைய நான் திட்டாத நாளில்ல. கடை மொதலாளி பாய் நல்ல மனுசன்தான். ஆனா நான் நனைஞ்சு போய் நிக்கிறப்பெல்லாம், "ஏம்மா, ஒங்க மலைக்கு மட்டும் தனியா மழை பேயுதா?"ன்னு கேப்பாரு. "ஆமா பாய், எங்களுக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான்"ன்னு நானும் சொல்லுவேன்.

ஆனா ரோட்ட என்னைய விட ஏங்கி எதிர்பாத்தது எங்க அண்ணி. அண்ணன் கொழும்புல ஒரு கடையில நிக்கிறாரு, பொங்கலுக்கும் தீவாளிக்குந்தான் வருவாரு. அண்ணி கொழுந்து எடுக்குறவங்க. பேச்சு கொறைவு, கை வேகம். அவங்களுக்கு மொதப் பிரசவ வலி வந்தப்ப எங்களுக்கு இருந்த ஒரே வண்டி கொழுந்து லாரிதான். கொழுந்துச் சாக்குக்கு மேல ஒரு கம்பளிய விரிச்சு அவங்களப் படுக்க வச்சு, ரெண்டு பக்கமும் நாங்க புடிச்சுக்கிட்டோம். பாதையா அது? பாறையும் பள்ளமும். ஆனை மாதிரி ஒரு பாறை பாதையில துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்குக் கிட்ட வர்றப்பவே புள்ள பொறந்திருச்சு. ஆம்பளப் புள்ள. லாரி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. அதுக்குப் பெறகு லாரிச் சத்தம் கேட்டா அண்ணி கூடையோட அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவாங்க. பெக்கோ வந்த வருசம் அவங்க மறுபடி முழுகாம இருந்தாங்க. ரோடு முந்துமா, புள்ள முந்துமா? எங்க வீட்டுல வேற பேச்சே இல்ல. மழையால ரோட்டு வேல நின்னுச்சுன்னா அன்னைக்கு யாருக்கும் சோறு எறங்காது.

மலைய வெட்டுறதுன்னா என்னன்னு அப்பத்தான் பாத்தேன். மேல இவ்வளவு பச்சையா இருக்கிற மலை உள்ளுக்குள்ள செக்கச் செவேர்னு இருக்கும்னு யாரு கண்டா! உரிச்ச கோழி மாதிரி நின்னுச்சு. வெட்டுன சொவருல எங்க தொட்டாலும் தண்ணி கசிஞ்சிச்சு. மலை பூரா தண்ணிதான் போல, நாங்க காலங்காலமா அது மேலதான் நடந்துக்கிட்டு இருந்திருக்கோம். வெடி வைக்கிறப்ப லயத்துத் தகரமெல்லாம் தடதடன்னு ஆடும். மேல நின்ன வேற ஒரு பெரிய பாறை பொரண்டு ஆத்துக்குள்ள விழுந்ததப் பாத்து பக்கத்து வீட்டு அக்கா கையெடுத்துக் கும்புட்டாங்க. பாறையக் கும்புட்டீங்களா, வெடி வச்சவனக் கும்புட்டீங்களான்னு கேட்டேன். "ரெண்டையுந்தான். வாய மூடு"ன்னாங்க.

கெட்டதும் நடந்திச்சு, மறைக்க மாட்டேன். எங்க லயத்துல நாங்க கொடம் வச்சுப் புடிக்கிற பீலியில தண்ணி கொஞ்ச நாளு செவப்பா கொட்டிச்சு, பெறகு நின்னே போச்சு. வெட்டுனதுல ஊத்து வழி மாறிருச்சாம். இப்ப அந்தத் தண்ணி ரோட்டோரச் சொவருல ஒரு ஓட்ட வழியா ஜோன்னு ஊத்துது. ஹட்டன்ல இருந்து வேன் புடிச்சு வர்றவங்க அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்குறாங்க. எங்க வீட்டுக் குடிதண்ணி அவங்களுக்கு நீர்வீழ்ச்சி. நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு அவங்க போட்டோ எடுத்து முடியிற வரைக்கும் நிக்கணும்! டர்பன்டைன் மரமெல்லாம் சாஞ்சிச்சு, அதுல அடைஞ்ச குருவியெல்லாம் எங்க போச்சோ தெரியல. கீழ டவுன் பக்கம் ரோடு முடியிறதுக்கு முந்தியே கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்திச்சு. ஆனா கடைக்கு லேட்டானாலும் பரவாயில்லன்னு நின்னு அந்த மிஷின வேடிக்க பாத்ததும் நான்தான்.

ஒரு நாள் காலையில ரோட்டு வேலைக்காரங்க எங்களக் கூப்புட்டு விட்டாங்க. முந்தின நாள் போட்ட சின்னப் பாலத்து மேல, ஈரச் சிமெந்துல, சிறுத்தை நடந்து போயிருக்கு. ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் அடி அடியா பதிஞ்சிருந்திச்சு. அவசரமே இல்லாத நடை. இவ்வளவு கிட்டவா இவ்வளவு நாளும் எங்களோட குடியிருந்திச்சுன்னு எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எங்க ரோட்டுல மொத மொதல்ல நடந்தது மனுசன் இல்ல. சங்கத்துல எங்களுக்காகப் பேசுற தோட்டத் தலைவரு, அத சிமெந்து பூசி மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. மறுநாள் பாத்தா ஒவ்வொரு அடியிலயும் யாரோ குங்குமம் வச்சிருக்காங்க. எங்க ஆளுங்கள என்னன்னு சொல்றது!

கடைசியில ரோடுதான் முந்திச்சு. அண்ணிக்கு நாள் நெருங்கியிருந்தாலும் இன்னும் கொஞ்சம் இருந்திச்சு. மொத பஸ் வர்ற அன்னைக்கு கும்பாபிஷேகம் மாதிரி ஏற்பாடு. கோயில் வாசல்ல வாழைமரம், தோரணம், பெரிய சட்டியில பொங்கல். மறுநாள் அதே பஸ்ஸுல அண்ணியக் கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரியில படுக்க வச்சிரலாம்னு தோட்டத்து மருத்துவிச்சி சொல்லியிருந்தாங்க. நான் லீவு கேட்டேன். "பஸ் பாக்கவா லீவு?"ன்னு பாய் கேட்டாரு. நீங்க பொறந்ததுல இருந்து பஸ் பாத்தவரு, ஒங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கீழ, ரொம்பக் கீழ, தேயிலைக்குள்ள ஒரு செவப்புப் பொட்டு நகந்து வந்திச்சு. வளைவுல மறையும், பெறகு கொஞ்சம் பெருசாத் தெரியும். மறுபடி மறையும். நான் தெனம் பஸ்ஸுல போறவ, எனக்கு பஸ் புதுசா? ஆனா எங்க மலையில, நாங்க அட்டக்கடி பட்டு நடந்த எடத்துல ஒரு பஸ் ஏறி வர்றதப் பாக்க கால் விரல்ல எக்கி நின்னேன். அண்ணி ஏங்கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, "எம்மாம் பெருசு!"ன்னாங்க.

லயத்துக்குக் கொஞ்சம் கீழ, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட ஒரு அகலமான வளைவு இருக்கு. ட்ரைவர் அங்கயே நிப்பாட்டிட்டாரு. சிங்கள ஆளு, அமைதியான முகம். இங்கயே திருப்பிக்கிறேன்னு கையக் காட்டுனாரு. எங்க ஆளுங்க விடுவாங்களா? சாமி வாசலுக்கு வராம பாதியில நிக்கலாமான்னு ஒரே சத்தம். மேல திருப்ப எடம் இருக்கான்னு அவரு சிங்களத்துல கேட்டாரு. தலைவரு கொஞ்சமும் யோசிக்காம, "தியெனவா மஹத்தயா, தியெனவா!"ன்னாரு. இருக்கு இருக்குன்னு.

தலைவரு பொய் சொல்லல. கோயில் வாசலுக்கு வர்ற வண்டின்னா எங்களுக்குத் தெரிஞ்சது தேர் ஒண்ணுதான். தேர் வாசலுக்கு வந்ததும் இளந்தாரிங்க பின்னால போய், அலவாங்குக் கம்பியக் குடுத்து நெம்பி, "அரோகரா"ன்னு ஒரு தூக்குத் தூக்கி, பக்கவாட்டுல நகத்தி நகத்தித் திருப்பிருவாங்க. அது திரும்புறதுக்கு எடம் என்னத்துக்கு? பஸ்ஸும் அப்பிடித்தான்னு தலைவரு மட்டுமில்ல, நாங்க அத்தனை பேரும் நெனைச்சிருந்தோம். தெனம் பஸ்ஸுல போற நானும் நெனைச்சிருந்தேன், அதச் சொன்னா பாய் சிரிச்சே செத்துருவாரு.

பஸ் வாசலுக்கு வந்திச்சு. தேங்கா ஒடைச்சோம், டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சோம், ட்ரைவருக்கும் கொண்டக்டருக்கும் மாலை போட்டு, வாழை எலையில பொங்கல் குடுத்தோம். தின்னுட்டு கையக் கழுவிட்டு, "எங்க எடம்?"னு ட்ரைவர் கேட்டாரு. ஒரு பக்கம் வெட்டுன செவப்புச் சொவரு. மறு பக்கம் தேயிலைச் சரிவு. நடுவுல பஸ். அத்தோட ரோடு முடிஞ்சிச்சு. இளந்தாரிங்க நெசமாவே பின்னால போய்க் குனிஞ்சு தோளக் குடுத்தாங்க. "அய்யோ, மே மினிஸ்ஸு!"ன்னு ட்ரைவர் தலையில கைய வச்சுக்கிட்டு சிரிச்சாரு. இந்த மனுசங்களப் பாருன்னு அர்த்தம்.

சரிவுல கொஞ்சம் தேயிலைய வெட்டி மண்ணப் போட்டா திரும்பிரும்னு கூட்டத்துல ஒருத்தன் சொன்னான். சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க அவன் கையப் புடிச்சு பின்னால இழுத்தாங்க. தேயிலை கம்பெனியோடது. அதுல கத்திய வச்சா வேலையும் போயிரும், குடியிருக்கிற காம்பராவும் போயிரும். ரோடு கேட்டு எத்தன மனு, எத்தன ஊர்வலம்! வந்த வண்டி திரும்ப ஒரு எடம் வேணும்னு ஒருத்தருக்கும் தோணல. சொந்தமா ஒரு சாண் மண்ணு இருந்து பழகியிருந்தா தோணியிருக்கும். எங்களுக்கு எடம்னாலே அது அடுத்தவங்களோடதுங்கிற நெனப்பு ரத்தத்துல ஊறிப்போச்சு. அன்னைக்குத்தான் எனக்கு அது ஒறைச்சுது, சுரீர்னு.

அந்த நேரம் பாத்து மூட்டம் எறங்கிச்சு. அண்ணி கோயில் தூணப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே குந்திட்டாங்க. மருத்துவிச்சி பக்கத்துல போய்ப் பாத்துட்டு, "இது நாளைக்கு வரைக்கும் தாங்காது, இப்பவே கெளம்பணும்"ன்னாங்க. புது ரோட்ட நம்பி எங்க மலையில வாங்குன ஆட்டோவெல்லாம் அலங்காரத்தோட முன்னால வந்து, பஸ்ஸுக்கும் ரோட்டு முடிவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. எறும்பு போக வழியில்ல. மூட்டத்துல போனுக்கு சிக்னலும் இல்ல. கொழுந்து லாரியக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆளனுப்புவோமான்னு யாரோ கேட்டாங்க. "லாரி வேணாம்"ன்னாங்க அண்ணி. "செத்தாலும் லாரி வேணாம்." அவங்க சத்தம் போட்டு நான் கேட்டது அன்னைக்குத்தான்.

தலைவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. ட்ரைவருக்கு யாரும் வெளக்கிச் சொல்லல, அவரு அண்ணியப் பாத்தாரு, ரோட்டப் பாத்தாரு. கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி கோயில் சூலத்துல மாட்டுனாரு. "பய வெண்ட எபா, நங்கி. பஸ்ஸட்ட யமு"ன்னாரு. பயப்படாத தங்கச்சி, பின்னாலயே போவோம்னு.

பின்னாலயே! அந்த ரோட்டுல, அந்த மூட்டத்துல! அண்ணியப் பின் சீட்டுல நீட்டிப் படுக்க வச்சு, தலைய ஏம்மடியில வச்சிக்கிட்டேன். மருத்துவிச்சி காலடியில. கொண்டக்டர் எறங்கி நின்னு, "எண்ட எண்ட"ன்னு, வா வான்னு கத்துனாரு. எஞ்சின் சத்தத்துல அவரு தொண்ட ட்ரைவருக்குக் கேக்கல. அப்பத்தான் எங்க லயத்துல தப்பு அடிக்கிறவரு தப்ப மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னால போய் நின்னாரு. தப்புச் சத்தம் கேட்டா வா, நின்னா நில்லு. அதுக்கு சிங்களமும் வேணாம், தமிழும் வேணாம்.

தப்பு பேசிச்சு, பஸ் எறங்கிச்சு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன், பாத்ததச் சொன்னா நம்புவீங்களோ என்னவோ. சரிவுப் பக்கம், ரோடு முடியிற ஓரத்துல, எங்க ஆளுங்க ஒருத்தர் கைய ஒருத்தர் கோத்துக்கிட்டு வேலி மாதிரி நின்னாங்க. பொம்பளைங்க, ஆம்பளைங்க, பொங்கல் கிண்டுன கையோட வந்தவங்க. போன் லைட்டத் தூக்கிப் புடிச்சிருந்தாங்க. அவங்க முதுகுக்குப் பின்னால வெறும் மூட்டம், அதுக்குக் கீழ பாதாளம். ட்ரைவர் கண்ணாடியில ரோட்டப் பாக்கல, அந்த மூஞ்சிகளத்தான் பாத்தாரு. பஸ் கடந்து போனதும் அவங்க குறுக்குப் பாதையில விழுந்தடிச்சு எறங்கி, பஸ் சுத்தி வர்றதுக்குள்ள அடுத்த வளைவுல போய் நின்னாங்க. அதுக்கடுத்த வளைவுலயும் அதே மூஞ்சிங்க! நான் அந்தப் பாதைய எவ்வளவு திட்டியிருக்கேன். தோட்டமே கால் மொளைச்சு எங்களுக்கு முன்னால ஓடிக்கிட்டு இருந்திச்சு.

அண்ணி கண்ண மூடிக்கிட்டு, "எங்க வந்திருக்கோம்?"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தெரிஞ்ச எடமெல்லாம் சொன்னேன். திடீர்னு தப்பு நின்னுச்சு. பஸ் குலுங்கி நின்னுச்சு. என்னன்னு தெரியல. வெளிய ஒரு மூச்சும் இல்ல. அண்ணி கண்ணத் தொறந்து, "அந்தப் பாறையத் தாண்டிட்டோமா?"ன்னாங்க. அவங்க நகம் ஏங்கையில பதிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல, வெள்ளையா இருந்திச்சு. "எப்பவோ தாண்டியாச்சு அண்ணி"ன்னேன். வெளிய யாரோ டயருக்குக் கீழ இருந்து கல்ல எடுத்துப் போடுற சத்தம். மறுபடி தப்பு. அந்தத் தப்ப நான் சாவு வீட்டுல கேட்டிருக்கேன், திருவிழாவுல கேட்டிருக்கேன். அன்னைக்குக் கேட்ட மாதிரி எப்பவும் கேட்டதில்ல, தாயே!

மடுவத்து வளைவுல பஸ் ஒரே திருப்பா திரும்பிச்சு. யாரும் கை தட்டல. ட்ரைவர் ஒரு தடவ ஹார்ன் அடிச்சாரு, அவ்வளவுதான், பெறகு ரோடு எங்களுக்குக் கீழ வழுக்கிக்கிட்டு ஓடிச்சு. ஒரு பள்ளம் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. எங்க தண்ணியத் தின்ன ரோடு, மரத்தத் தின்ன ரோடு, அன்னைக்கு எங்கண்ணியக் கையில ஏந்திக்கிட்டுப் போச்சு. நான் என்னத்தச் சொல்ல?

பொம்பளப் புள்ள. ஆஸ்பத்திரி நடையில நான் நின்னுக்கிட்டிருந்தப்ப உள்ள இருந்து அழுகச் சத்தம் வந்திச்சு. நிக்கவே இல்ல அந்த அழுக. அழு, நல்லா அழுன்னு சொல்லிக்கிட்டே நானும் தரையில ஒக்காந்து அழுதேன். வெளிய வந்து பாத்தா ட்ரைவர் இன்னும் போகல. பொம்பளப் புள்ளன்னு சொன்னேன். ரெண்டு கையையும் கூப்பி மலைப் பக்கம் பாத்துக் கும்புட்டுட்டு பஸ்ஸுல ஏறுனாரு.

திருப்ப எடமில்லாம பஸ் இனிமே மடுவத்துக்கு மேல ஏறாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நியாயந்தான். அப்பத்தான் தலைவரு பொறந்ததுக்கு மொத மொறையா கம்பெனிக்கிட்ட எடம் கேக்கப் போனாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே, இழுத்தடிச்சாங்க. கடைசியில கோயிலுக்குக் கீழ ஒரு துண்டு தேயிலைய விட்டாங்க, நீங்களே புடுங்கிக்கங்கன்னு. அது அண்ணி கொழுந்து எடுக்குற நெர.

ஒரு தேயிலைச் செடி இடுப்பு ஒசரந்தான். அதோட வேரு எவ்வளவு ஆழம் தெரியுமா? மண்ணு கொத்துற முள்ளும் அலவாங்கும் போட்டு ஆம்பளைங்க நெம்புறாங்க, அசையல. தோண்டத் தோண்ட கீழ போய்க்கிட்டே இருக்கு, முறுக்கிக்கிட்டு, பாறையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு. நட்டவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முந்தி வந்து, எங்கள விட கெட்டியா மண்ணப் புடிச்சிருக்கு. எல்லாரும் சுத்தி நின்னு அந்தக் குழிய எட்டி எட்டிப் பாத்தாங்க. அண்ணி புள்ளைய ஏங்கையில குடுத்துட்டு குழிக்குள்ள எறங்கி, ரெண்டு கையாலயும் வேரப் புடிச்சாங்க. "ஒன்னையக் கிள்ளித்தான் நான் சோறு தின்னேன். கோச்சுக்காத, எந்திரி. எம்புள்ளைக்கு எடம் வேணும்"ன்னாங்க. பெறகு எல்லாருமா சேந்து இழுத்தோம்.

மண்ணு போட்டு இறுக்குன பெறகு பஸ் மறுபடி வந்திச்சு, அதே ட்ரைவர். இந்தத் தடவ மாலை இல்ல, பொங்கல் இல்ல. அவரு மெதுவா ஸ்டீரிங்க ஒடிச்சு ஒரு வட்டம் போட்டாரு. பஸ்ஸோட மூஞ்சி கீழ்ப்பக்கம் திரும்பி நின்னுச்சு. அண்ணி புள்ளையத் தோளுல போட்டுக்கிட்டு நேராப் போய் பஸ்ஸுல ஏறுனாங்க.

"எங்க அண்ணி போறீங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கயும் இல்ல. ரெண்டு தடவ போயிருக்கேன், ரெண்டு தடவயும் படுத்துக்கிட்டுத்தான் போனேன். எறங்குறப்ப ரோட்டப் பாத்ததே இல்ல. ஒக்காந்து பாத்துட்டு வர்றேன்"ன்னு சொல்லிட்டு, ஜன்னலோரமா ஒக்காந்து, கண்ணாடியத் தள்ளித் தொறந்தாங்க.